கரைசல் சரி, தெளிப்பு சரியா?

நம் உழவர் கூட்டங்களில் எழும் கேள்விகளைக் கவனித்திருப்பீர்கள். "பஞ்சகவ்யா ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி?", "மீன் அமிலம் எத்தனை நாளைக்கு ஒருக்கா அடிக்கலாம்?", "ஐந்திலைக் கரைசலுக்கு ஆடாதொடை கிடைக்காட்டி வேற என்ன போடலாம்?" எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் "எந்த நாசில்ல அடிக்கிறீங்க? அந்த நாசிலைக் கடைசியா எப்பக் கழட்டிப் பார்த்தீங்க?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இயற்கைக்கு மாறிய மூன்றாவது வருடம். மாசிக் கடைசியில் ஐம்பது செண்ட் வெண்டை போட்டிருந்தேன். கோடை வெண்டைக்கு எமன் யாரென்று உங்களுக்குத் தெரியும், வெள்ளை ஈ. அது சாறு உறிஞ்சுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் செடி செடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே, அதுதான் குடியைக் கெடுப்பது. நோய் விழுந்த செடியில் காய் வெளுத்து, முற்றிப் போகும். சந்தையில் யாரும் தொட மாட்டார்கள்.

பயப்படவில்லை. வேப்பங்கொட்டை இருந்தது. போன ஆடியில் அம்மாவும் என் வீட்டுக்காரியும் கோயில் மரத்தடியிலும் ரோட்டோரத்திலும் குனிந்து குனிந்து பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்துச் சேர்த்தது. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ பருப்பு என்ற கணக்கில் இடித்து, ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி அடித்தேன். ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை. மூன்றாவது தடவை அடித்த மறுநாள் காலையில் செடியைத் தட்டினால் சாம்பல் பறக்கிற மாதிரி ஈ பறந்தது. ஓரத்து நாலு சாலில் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டது.

விதைக்கும் உழவுக்கும் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, இந்த ஒரு தடவை மட்டும் கடை மருந்து அடிச்சுரலாமுங்களா? செடி பொழச்சா வளையலை மூட்டிரலாமுங்க." அவள் மேல் தப்பில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேறு, "வேப்பங்கொட்டைத் தண்ணிக்கெல்லாம் ஈ சாகுமா தம்பி?" என்று வாரம் ஒருமுறை சிரித்துவிட்டுப் போவார். மறுநாள் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டேன். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற காய். இன்றைக்கு அடித்தால் நாளன்றைக்குச் சமையலறைக்குப் போகும். அது தெரிந்தும் வாங்கினேன். மறைக்க விரும்பவில்லை.

சித்தப்பா இலையைத் திருப்பினார்

எங்கள் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் கூலிக்கு மருந்தடித்தவர். பருத்தி, மஞ்சள், வாழை என்று சுற்றுவட்டாரத்தில் அவர் தோளில் டேங்க் ஏறாத தோட்டம் குறைவு. இப்போது மூச்சுத் திணறலால் நாலு எட்டு வைத்தால் நின்றுவிடுவார். அன்றைக்கு மெல்ல நடந்து வெண்டைப் பக்கம் வந்தவர், நான் மிச்சமிருந்த வேப்பங்கரைசலை ஓரத்தில் அடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணு, நீ மருந்தா அடிக்கற? பாத்திரமல்ல கழுவற" என்றார்.

நான் அடித்து முடித்த செடியில் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். மேல்பக்கம் தண்ணீர் உருண்டு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் சுட்ட அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. ஈ அத்தனையும், முட்டை அத்தனையும் அந்த அடிப்பக்கத்தில்தான். மூன்று தடவையும் வேப்பங்கரைசல் ஈயைத் தொடவே இல்லை. கூரை மேல் மழை பெய்தால் வீட்டுக்குள் இருக்கிறவன் நனைவானா?

"நாசிலைக் கழட்டு" என்றார். கழட்டினேன். மூடி, வாசர், ஓட்டைத் தட்டு மூன்றும் இருந்தன. "சுத்துவில்லை எங்கடா?" என்று கேட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடம் பஞ்சகவ்யா அடிக்கும்போது அடிக்கடி அடைத்துக்கொண்டதென்று உள்ளே இருந்த சின்ன வில்லையை நானே எடுத்து எங்கேயோ போட்டுவிட்டேன். அது மட்டுமா? அடைப்பெடுக்கிறேன் என்று ஓட்டைத் தட்டை ஆணியால் குத்திக் குத்தி, வட்டமாக இருந்த ஓட்டை வேப்பங்கொட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

கோளாறு வேப்பங்கொட்டையில் இல்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியில் இருந்தது.

தண்ணீர் எப்படித் தூளாகிறது?

அதற்குப் பிறகுதான் இந்த விசயத்தைக் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

குழாயை லேசாகத் திறந்து விடுங்கள். மேலே கண்ணாடிக் கம்பி மாதிரி ஒரே இழையாக வரும் தண்ணீர், கீழே போகப் போகச் சொட்டுச் சொட்டாக அறுந்து விழும். தண்ணீருக்கு மேலே ஒரு தோல் இருப்பதுபோல ஒரு இழுவிசை உண்டு. எப்போதும் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே அது பார்க்கும். நீளமான இழையாக இருப்பதைவிட உருண்டைச் சொட்டாக இருந்தால் பரப்பு குறைவு. அதனால்தான் இழை தானாகவே அறுந்து உருண்டையாகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பெல்ஜியத்தின் பிளாட்டோ, இங்கிலாந்தின் ரேலி ஆகிய விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து விளக்கிவிட்டார்கள்.

நாசில் செய்கிற வேலை, அந்த இழையை முடிந்த அளவுக்கு மெலிசாக்கித் தருவதுதான். சித்தப்பா கேட்ட சுத்துவில்லையில் சாய்வாக இரண்டு வெட்டு இருக்கும். அழுத்தத்தோடு வரும் கரைசல் அந்தச் சாய்வில் புகுந்து, நாசிலுக்குள்ளேயே சுழலும். சுழன்றபடி சின்ன ஓட்டை வழியாக வெளியே வரும்போது, சுற்றும் பாவாடை விரிகிற மாதிரி, நடுவில் வெற்றிடமாக ஒரு கூம்புபோல விரியும். விரிய விரிய அந்தத் தண்ணீர்ப் படலம் மெலிந்து, ஆடி, கிழிந்து, நூல் நூலாகும். நூல்கள் அறுந்து துளிகளாகும். நாசில் வாயிலிருந்து சில அங்குலத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

வில்லையை எடுத்துவிட்டால் சுழற்சி இல்லை. சுழற்சி இல்லாவிட்டால் படலம் இல்லை. நேர்க்கம்பியாகப் பாயும். நான் 'பாத்திரம் கழுவியது' அப்படித்தான்.

விசைத்தெளிப்பானில் வேறு வழி. விசிறி தள்ளும் வேகமான காற்றில் கரைசலைக் கசியவிட்டால், காற்றே அதைப் பிய்த்துப் பனிப்புகையாக்கிவிடும். இப்போது வருகிற சில ட்ரோன்களில் வேகமாகச் சுழலும் தட்டின் விளிம்பிலிருந்து துளிகள் வீசப்படுகின்றன. வழி எதுவானாலும் வேலை ஒன்றுதான்: தண்ணீரை மெலிசாக்கு, பிறகு கிழி.

ஒரு மில்லியில் எத்தனை துளி?

துளியின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 முதல் 100 மைக்ரான் இருக்கும்.

ஒரு மில்லி கரைசலை 400 மைக்ரான் துளிகளாக உடைத்தால் சுமார் 30 ஆயிரம் துளி கிடைக்கும். அதையே 200 மைக்ரானாக உடைத்தால் சுமார் 2.4 லட்சம். 100 மைக்ரானாக உடைத்தால் 19 லட்சம். விட்டம் பாதியானால் துளியின் எண்ணிக்கை எட்டு மடங்கு. அந்தத் துளிகள் இலையில் மூடுகிற இடம் இரண்டு மடங்கு. கரைசல் ஒரு சொட்டும் கூடவில்லை. இன்னொரு கிலோ வேப்பங்கொட்டை பொறுக்கவில்லை. உடைத்த விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

இயற்கை வழியில் இது இரட்டிப்பு முக்கியம். ஏன் என்றால் கடை மருந்துகளில் பல, செடியின் சாற்றோடு கலந்து ஓடக்கூடியவை. எங்கே பட்டாலும் செடி முழுக்கப் பரவி, உறிஞ்சுகிற பூச்சியைக் கொன்றுவிடும். நம்முடைய வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்திலைக் கரைசல், இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல் பெரும்பாலும் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். படாத இடத்தில் பூச்சிக்கு விருந்துதான். அவர்கள் மருந்தில் தெளிப்பு பிசகினாலும் கொஞ்சம் தப்பிக்கும். நம் கரைசலில் தப்பிக்காது. "இயற்கை மருந்து கேக்கலைங்க" என்று சொல்லித் திரும்பிப் போனவர்களில் எத்தனை பேர் என்னைப் போல நாசிலில் தோற்றவர்களோ!

அப்படியானால் பொடிப்பொடியாக அடித்துவிடலாமா?

கூடாது. இங்கேதான் கதை திரும்புகிறது. சித்தப்பாவின் மூச்சுத் திணறலும் இங்கேதான் வருகிறது.

பத்தடி உயரத்திலிருந்து 400 மைக்ரான் துளி இரண்டு விநாடியில் தரைக்கு வந்துவிடும். 100 மைக்ரான் துளிக்குப் பத்து விநாடி ஆகும். நாம் மெல்ல நடக்கிற வேகத்தில் காற்று அடித்தாலே அந்தப் பத்து விநாடியில் அது முப்பது அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். 10 மைக்ரான் துளி என்றால், கால் மணி நேரத்துக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும். கோடை வெயிலில் அது கீழே வருவதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும். உள்ளே இருந்த மருந்து மட்டும் இன்னும் சின்னத் துகளாக, இன்னும் லேசாகக் காற்றோடு போகும். எங்கே போகும்? பக்கத்து வயலுக்கு, கிணற்றுக்கு, மாட்டுத் தீவனத்துக்கு, அடிக்கிற ஆளின் மூக்குக்கு. ஓரளவு பெரிய துளியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். பத்து மைக்ரானுக்கும் சின்னதானால் அதைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கும். முகத்தில் கட்டுகிற துண்டுக்கு அதைத் தடுக்கிற சக்தி கிடையாது.

"அந்தக் காலத்துல பவர் ஸ்பிரேயரைத் தூக்கிட்டுப் பருத்திக்குள்ள போனா, மேகத்துக்குள்ள நடக்கற மாதிரி இருக்கும் கண்ணு. நல்லாப் பொகையா வருது, மருந்து நல்லாக் கேக்கும்னு நாங்களே பெருமையாச் சொல்லிக்குவோம்" என்பார் சித்தப்பா. அவருடைய நோய் எதனால் வந்தது என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மேகத்துக்குள் அவர் இருபது வருடம் நடந்தார் என்பது தெரியும்.

2017-இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலித்தொழிலாளர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். முந்திரி மரத்துக்குத் தெளித்தது, மரத்தடியில் குடியிருந்த மக்கள் மேலும் அவர்கள் ஓடைகள் மேலும் இறங்கியது. அங்கே பிறந்த பிள்ளைகள் பட்டபாட்டை நாடே பார்த்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. நஞ்சு என்ன என்பது பாதிக் கேள்விதான். அது எந்த அளவு துளியாக, எந்தக் காற்றில் போனது என்பது மீதிக் கேள்வி.

ஆக, துளி பெருத்தால் உருண்டு மண்ணுக்குப் போகும். ரொம்பச் சிறுத்தால் காற்றுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில்தான் இலை இருக்கிறது. கைத்தெளிப்பானில் நல்ல கூம்பு நாசில் போட்டு, அளவான அழுத்தத்தில் அடித்தால் அந்த நடு அளவு கிடைத்துவிடும். பேட்டரி தெளிப்பானில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் துளி சிறுத்துக்கொண்டே போகும். அதனால் வேகமாக முடிக்கலாம் என்று முழுசாகத் திருகி வைக்காதீர்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து மேகம்

இதைப் படித்த பிறகுதான் இன்னொரு கவலை வந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் விசைத்தெளிப்பானில் அடிக்கும்போது எங்கள் தென்னந்தோப்பு வரைக்கும் வாடை வரும். வாடை வருகிற இடத்துக்குத் துளியும் வரலாம். நான் என்னதான் இயற்கை என்று சொன்னாலும், அவர் துளி என் காயில் விழுந்தால் அது நஞ்சில்லாக் காயா? இயற்கை வேளாண்மைச் சான்றிதழில் பக்கத்து நிலத்துக்கு நடுவே இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான்.

சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். "அண்ணா, நீங்க அடிக்க வேண்டாம்னு சொல்லலைங்க. உங்க மருந்துல பாதி என்ற தோட்டத்துக்கு வருது. காசு உங்களுது, கேடு எனக்கு. காத்து மேற்கால அடிக்கறப்ப மட்டும் அடிக்காதீங்க" என்றேன். முதலில் முறைத்தார். பிறகு, "பாதி வீணாப் போகுதுங்கறியா?" என்று கேட்டார். அந்த 'வீண்' என்ற சொல்தான் அவரைத் தொட்டது. இப்போது அடிப்பதற்கு முன்னால் போன் செய்கிறார். எல்லாத் தடவையும் இல்லை. பெரும்பாலும் செய்கிறார்.

அந்தப் பக்கத்து எல்லையில் எங்களுக்குப் பழைய கிளுவை வேலி உண்டு. இடையிடையே சந்து விழுந்திருந்தது. அதை நெருக்கி நட்டு, உள்பக்கம் ஒரு வரிசை அகத்தியும் சவுண்டலும் வைத்தேன். உயிர்வேலியின் இலைகள் மிதந்து வரும் துளிகளில் ஒரு பகுதியை வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். கம்பி வேலிக்கு அந்தக் குணம் கிடையாது. அந்த வரிசையில் வருகிற தழையை மாட்டுக்குப் போடுவதில்லை. மூடாக்குக்குக்கூட அந்த எல்லையோரத்திலேயே போட்டுவிடுகிறேன்.

ஆரத்தித் தட்டில் கிடைத்த சோதனை

நம் தெளிப்பு இலையின் அடியில் போய்ச் சேர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆராய்ச்சி நிலையங்களில் தண்ணீர் பட்டால் நீலமாகிற ஒரு மஞ்சள் காகிதம் வைத்துப் பார்க்கிறார்கள். நமக்கு அது கைக்குக் கிடைக்காது. ஆனால் அதற்கு வழி என் மகளின் அறிவியல் பாடத்தில் இருந்தது. மஞ்சள் பூசிய காகிதத்தில் சோப்புத் தண்ணீரால் எழுதினால் சிவப்பாகும் என்று ஒருநாள் செய்து காட்டினாள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி.

செய்முறை இது:

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, வெள்ளைக் காகிதத்தில் மெலிசாகப் பூசி நிழலில் காயவிடுங்கள். தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து செடியில், மேல் இலை, நடு இலை, அடி இலை என்று மூன்று உயரத்தில், இலையின் மேல்பக்கம் ஒன்றும் அடிப்பக்கம் ஒன்றுமாகக் கவ்வி போட்டு மாட்டுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ராத்திரி தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்து டேங்கில் ஊற்றுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அடிக்கிற மாதிரியே அந்தச் செடிகளுக்கு அடியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். துளி பட்ட இடமெல்லாம் சிவப்புப் பொட்டாக இருக்கும். வேலை முடிந்ததும் டேங்கை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பூச்சிக்கு அடிப்பதானால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது ஏறக்குறைய சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், இருபது முப்பது பொட்டு இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. காகிதம் முழுக்கச் சிவந்து வழிந்திருந்தால் கரைசல் வீணாகிறது என்று அர்த்தம். பொட்டே இல்லாவிட்டால், சொல்லவே வேண்டாம்.

முதல் தடவை செய்து பார்த்தபோது மேல்பக்கத்துக் காகிதம் ஆறு மாதிரி ஓடியிருந்தது. அடிப்பக்கத்துக் காகிதம் கடையில் வாங்கிய மஞ்சள் மாதிரி அப்படியே இருந்தது. அதை வீட்டுக்காரியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். "அப்ப நாங்க பொறுக்குன கொட்டையெல்லாம் மண்ணுக்குத்தான் போச்சுங்களா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

புது நாசில் போட்டு, குழாய் நுனியை மேல்நோக்கி வளைத்து, செடிக்குக் கீழிருந்து மேலாக அடித்த பிறகு அடிக் காகிதத்தில் பொட்டு விழுந்தது.

இலையில் ஒட்ட வேண்டுமே!

துளி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, தங்க வேண்டும். சேம்பு இலையில் தண்ணீர் எப்படி உருண்டோடும்? முட்டைக்கோஸ், வாழை, நெல், வெங்காயத் தாள் எல்லாவற்றுக்கும் அந்த மெழுகுப் பூச்சு கொஞ்சமாவது உண்டு. நூறு லிட்டருக்கு 200 கிராம் காதி சோப்பு கரைத்துச் சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான். சோப்பு அந்தத் தண்ணீர்த் தோலின் இழுவிசையைத் தளர்த்திவிடும். உருண்டை தட்டையாகிப் படியும். நான் அந்த மூன்று தடவையும் "சோப்பு எதுக்கு?" என்று விட்டிருந்தேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த நுரைநீரும் இதே வேலையைச் செய்யும்.

வேப்பங்கொட்டையின் சத்து வெயிலில் சிதைந்துவிடும். அதனால் வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பது நல்லது. காற்றைப் பார்ப்பதற்கு ஒரு கைப்பிடிச் சருகைக் கொளுத்திப் பாருங்கள். புகை சாய்ந்து ஓடினால் அன்றைக்கு வேண்டாம். மேலே எழும்பாமல் போர்வை மாதிரி வயல் மேல் படுத்துக்கிடந்தாலும் வேண்டாம். அந்த மாதிரி அசைவில்லாத நேரத்தில் பொடித் துளிகளும் அப்படியே மூஞ்சி உயரத்தில் தொங்கும். லேசாகச் சாய்ந்து மேலே போகிற புகைதான் நல்ல சகுனம். நம்முடையது இயற்கைக் கரைசல்தானே என்று அலட்சியம் வேண்டாம். மிளகாய்க் கரைசல் கண்ணில் பட்டவர்களைக் கேளுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள்.

இப்போது நான் செய்வது

ஒன்று: பஞ்சகவ்யாவுக்குத் தனி நாசில், பூச்சிவிரட்டிக்குத் தனி நாசில். பஞ்சகவ்யா கெட்டி. அதற்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை வேண்டும். பத்து லிட்டருக்கு 300 மில்லி கலப்பதற்கு முன்னால் இரண்டு தடவை வடிகட்டுகிறேன், முதலில் சல்லடையில், பிறகு பழைய வேட்டித் துணியில். வெல்லம் போட்ட மீன் அமிலத்துக்கும் இதேதான். வடிகட்டினால் அடைக்காது. அடைக்காவிட்டால் வில்லையைக் கழட்டுகிற புத்தி வராது.

இரண்டு: அடைத்துக்கொண்டால் ஆணி, கம்பி, முள் எதுவும் கிடையாது. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். வாயை வைத்து ஊதவே கூடாது. அந்தக் காலத்தில் நஞ்சு டேங்க் நாசிலையே வாயால் ஊதியிருக்கிறோம்.

மூன்று: புது நாசில் வாங்கியதும் வாளியில் ஒரு நிமிடம் அடித்து, எத்தனை மில்லி வருகிறது என்று அளந்து சுவரில் எழுதி வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு போகத்துக்கும் ஒருமுறை அதே அழுத்தத்தில் அளக்கிறேன். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பித்தளை சீக்கிரம் தேயும். பீங்கான் வில்லை போட்டது நாள்பட உழைக்கும்.

நான்கு: வருடத்துக்கு ஒருமுறை மஞ்சள் காகிதச் சோதனை.

இவ்வளவும் சேர்த்து ஆகிற செலவு, ஒரு பாட்டில் நஞ்சு வாங்குகிற காசில் சின்னப் பங்கு.

அந்த வெண்டை என்ன ஆயிற்று?

பொய் சொல்ல மாட்டேன். மஞ்சள் விழுந்த செடி திரும்பப் பச்சையாகாது. அந்த நோய்க்கு மருந்தே கிடையாது, கடை மருந்தும் சேர்த்துத்தான். நாலு சாலும் ஆறு சாலுமாகப் பிடுங்கிக் கொளுத்தினோம். மீதிக்குப் புது நாசிலில், சோப்பு சேர்த்து, கீழிருந்து மேலாக, ஐந்து நாளுக்கு ஒருமுறை அடித்தேன். மஞ்சள் ஒட்டும் பொறிகளும் வைத்தோம். ஈ ஒழியவில்லை, அடங்கியது. பாதித் தோட்டம் காய்த்தது. வளையல் அந்தப் போகத்தில் வரவில்லை, அடுத்த போகத்தில்தான் வந்தது. இப்போது கோடை வெண்டை போட்டால் முன்னாலேயே சுற்றிலும் மக்காச்சோளம் இரண்டு வரிசை விதைத்துவிடுகிறேன். தெளிப்பு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. ஆனால் தெளிப்பு கெட்டால் மற்றதெல்லாம் செய்தும் பிரயோசனம் இல்லை.

மோட்டார் ரூமில் வைத்த பாட்டிலை மூடி திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் காசைத் தரவில்லை, கணக்கில் கழித்துக்கொண்டு பூட்டும் சங்கிலியும் கொடுத்தார். மோட்டார் ரூமுக்கு அதுதான் பூட்டு.

சித்தப்பாவால் இப்போது தோட்டம் வரைக்கும் நடக்க முடிவதில்லை. சாயங்காலம் டேங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒன்றுதான் கேட்பார்: "எல அடியில நனைஞ்சுதாடா கண்ணு?"

நீங்களும் இதைப் படித்து முடித்ததும் தோட்டத்துக்குப் போய் நாசிலைக் கழட்டிப் பாருங்கள். உள்ளே வில்லை இருக்கிறதா, ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இலையின் அடியில் மாட்டிய மஞ்சள் காகிதத்தை எடுத்து வாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.